கல்ச்சரில் எதுவும் வளரவில்லை என்றால் அப்பாவுக்குக் கிருமியே இல்லை என்று அர்த்தமா?

மிளகுக்கொடி, ஏற்காடு:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் நாகலூர் பக்கம். அப்பாவுக்கு 58 வயது, எஸ்டேட் வேலை. இப்போது காபிப் பழம் பறிக்கிற நேரம், விடிந்ததும் செடிகளுக்குள் நுழைந்தால் சாயங்காலம்தான் வெளியே வருவார். பத்து நாளைக்கு முன்னால் ராத்திரி திடீரென்று குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், தலையைப் பிளக்கிறது என்றார், கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. மூன்றாம் நாள் இங்கேயே ஒரு கிளினிக்கில் காட்டினோம். ரத்தம் எடுத்து வைடால் பார்த்தார்கள், ஓ 1:80, ஹெச் 1:160 என்று வந்தது, டைபாய்டு என்று சொல்லி செஃபிக்ஸிம் மாத்திரை 5 நாளைக்குக் கொடுத்தார்கள். ஒரு வேளை கூட விடாமல் போட்டார், காய்ச்சல் இறங்கவே இல்லை.

முந்தாநாள் மலையிறங்கி சேலத்தில் ஒரு மருத்துவமனையில் காட்டினோம். டெங்கு என்எஸ்1 நெகட்டிவ், மலேரியா ஸ்மியரில் ஒன்றும் இல்லை. ரத்தக் கல்ச்சரும் யூரின் கல்ச்சரும் எடுத்தார்கள். இன்று காலை ரிப்போர்ட் வந்துவிட்டது, இரண்டிலும் '48 மணி நேரத்தில் வளர்ச்சி இல்லை' என்று போட்டிருக்கிறது. பிளேட்லெட் 92 ஆயிரம். அப்பாவுக்கு இன்றைக்கும் 102 டிகிரி. கல்ச்சர்தான் கடைசித் தீர்ப்பு, அதிலேயே ஒன்றும் இல்லையென்றால் கிருமி கிடையாது, உடம்புச் சூடு என்று பெரியப்பா சொல்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. கல்ச்சரில் வளரவில்லை என்றால் கிருமி இல்லை என்றுதான் அர்த்தமா? முதலில் டைபாய்டு என்று சொன்னது அப்போது பொய்யா? இந்தச் சோதனைகளைப் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

லேப் அக்கா, அஸ்தம்பட்டி:

தம்பி, முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். பத்து நாள் காய்ச்சல், பிளேட்லெட் குறைந்திருக்கிறது, எஸ்டேட்டில் செடிக்குள் வேலை. இன்றைக்கே அதே டாக்டரிடம் போய் "ஸ்க்ரப் டைஃபஸ் பார்த்தாச்சா" என்று வாய்விட்டுக் கேளுங்கள், புதரில் இருக்கிற சிற்றுயிர் கடித்து வருகிற காய்ச்சல் அது. அப்பாவுக்கு மூச்சு வாங்கினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, சிறுநீர் குறைந்தாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். மற்றதைப் பஸ்ஸில் வரும்போது படித்துக்கொள்ளலாம்.

நான் 14 வருடமாக சேலத்தில் மைக்ரோபயாலஜி லேபில் டெக்னீஷியன். நோய் என்னவென்று முடிவு சொல்ல வேண்டியது டாக்டர். ரிப்போர்ட்டில் இருக்கிற ஒரு வரி எப்படிப் பிறக்கிறது என்பதை என்னால் சொல்ல முடியும், அது தெரிந்தால் உங்கள் கேள்விக்குப் பதில் தானாகக் கிடைத்துவிடும்.

கல்ச்சர் என்பது கிருமிக்கு விருந்து வைத்துக் காத்திருப்பதுதான். ரத்தத்தைச் சத்தான திரவம் உள்ள பாட்டிலில் விட்டு 37 டிகிரிக்குப் பக்கத்தில் வைப்போம். இப்போது பல இடங்களில் மெஷின் இருக்கிறது, கிருமி பெருகினால் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடை வைத்து அதுவே மணி அடித்துவிடும். மணி அடித்த பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடில் தடவி கிராம் சாயம் போடுவோம். ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884ல் சொன்ன முறை, இன்றைக்கும் முதலில் கை போவது அதற்குத்தான். கிரிஸ்டல் வயலட், அயோடின், அப்புறம் ஆல்கஹாலோ அசிட்டோனோ ஊற்றிக் கழுவி, கடைசியாகச் சாஃப்ரனின். ஊதா நிறம் நின்றால் ஒரு கூட்டம், கழுவிப் போய் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் இன்னொரு கூட்டம். அந்த ஐந்து பத்து நிமிஷத்தில் டாக்டருக்குப் போன் போட்டுவிடுவோம், ஏனென்றால் எந்த வகை மருந்து என்பதில் பாதி அங்கேயே தெரிந்துவிடுகிறது. மீதியைப் பிளேட்டில் கோடு கோடாக இழுத்து இன்குபேட்டரில் வைத்தால் மறுநாள் காலை முளைத்திருக்கும். மெக்கான்கி பிளேட்டில் ஈ.கோலை ரோஜா நிறத்தில் நிற்கும், டைபாய்டு கிருமி அதிலிருக்கிற லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையைத் தொடாது என்பதால் நிறமில்லாமல் வெளிறிக் கிடக்கும்.

(அந்தப் பிளேட்டைக் கெட்டியாக்குவது அகார், நம் வீடுகளில் கடற்பாசி இனிப்பு செய்ய வாங்குகிறோமே அதே சரக்குதான். கிருமி ஆராய்ச்சியின் முன்னோடி ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் முதலில் ஜெலட்டினை வைத்துத் திண்டாடினார்கள், இன்குபேட்டர் சூட்டிலேயே உருகி ஓடிவிடும். அங்கே வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸேதான் 1881ல், சமையலில் தான் பயன்படுத்திய அகாரைச் சொன்னார். ஒவ்வொரு முறை மீடியா காய்ச்சும்போதும் அந்தம்மாவை நினைத்துக்கொள்வேன்.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வளர்ச்சி இல்லை என்றால், நாங்கள் வைத்த விருந்தை, நாங்கள் காத்திருந்த நேரத்துக்குள் யாரும் வந்து சாப்பிடவில்லை என்று மட்டும்தான் பொருள். உங்கள் அப்பா விஷயத்தில் அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். 48 மணி நேர ரிப்போர்ட் என்பது இடைக்கால ரிப்போர்ட், பாட்டிலைப் பொதுவாக 5 நாள் வைத்துப் பார்ப்போம், உங்களுக்கு இறுதி ரிப்போர்ட் இன்னும் வரவேண்டும், கேட்டு வாங்குங்கள். அடுத்தது, 5 நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு ரத்தம் எடுத்திருக்கிறார்கள். அடிபட்டுக் கிடக்கிற கிருமி பாட்டிலில் எழுந்து நிற்காது. மாத்திரை போடுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும் என்று நாங்கள் தொண்டை வற்றக் கத்துவது இதற்காகத்தான். டைபாய்டாகவே இருந்தாலும் ஒரு மில்லி ரத்தத்தில் ஒரு கிருமி கூட இல்லாத நிலை சாதாரணம், அதனால்தான் பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் கேட்கிறோம், 2 மில்லி எடுத்து அனுப்பினால் வலையில்லாமல் மீன் பிடிக்கிற கதைதான்.

மூன்றாவதுதான் எனக்கு உறுத்துகிறது. சில கிருமிகள் எங்கள் விருந்தைச் சாப்பிடவே சாப்பிடாது. ஸ்க்ரப் டைஃபஸைக் கொடுக்கிற ஓரியன்ஷியா சுட்சுகமுஷி உயிருள்ள செல்லுக்குள்தான் வாழும், பெருகும். ரத்தக் கல்ச்சர் பாட்டிலை மாதக் கணக்கில் வைத்திருந்தாலும் வளர்ச்சி இல்லை என்றுதான் வரும். அதை வளர்க்க உயிருள்ள செல் கல்ச்சரும் உயர்ந்த பாதுகாப்பு வசதியும் உள்ள ஆய்வகம் வேண்டும், சாதாரண மருத்துவமனை லேபில் நடக்கிற காரியமில்லை. செஃபிக்ஸிம் போன்ற மருந்துகளும் இந்தக் கிருமியிடம் வேலை செய்யாது. அப்பாவுக்கு மாத்திரையில் குறையாததையும் கல்ச்சரில் வராததையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டும் ஒரே பக்கம்தான் கைகாட்டுகின்றன.

வைடால் பொய்யா என்று கேட்டீர்கள். 1896ல் வந்த சோதனை அது. கிருமியைப் பார்ப்பதில்லை, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருள் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. எப்போதோ வந்து போன டைபாய்டு, போட்ட தடுப்பூசி, அதே இனத்து வேறு கிருமி, எதனாலும் நம் ஊரில் நிறையப் பேருக்கு 1:80, 1:160 சும்மாவே இருக்கும். நிஜமான டைபாய்டிலும் மூன்றாம் நாளில் எதிர்ப்பொருள் ஏறியிருக்காது. ஒரு வாரம் பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை எடுத்து நாலு மடங்கு ஏறியிருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. ஒரே ஒரு வைடாலை வைத்து டைபாய்டு என்று எழுதுவதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது, ஏனென்றால் அதற்குப் பிறகு யாரும் வேறு எதையும் தேடுவதில்லை, 5 நாள் போய்விடுகிறது.

டெங்கு என்எஸ்1 கூட நாள் பார்த்து எடுக்க வேண்டியதுதான், அது வைரஸின் புரதத்தைத் தேடுகிறது. முதல் ஐந்து நாளுக்குள் எடுத்தால் அதற்கு அர்த்தம் உண்டு. உங்களுக்கு எடுத்தது எட்டாம் நாள், அந்த நாளில் ஐஜிஎம், அதாவது புதுத் தொற்றில் முதலில் வருகிற எதிர்ப்பொருள், பார்த்திருக்க வேண்டும்.

ஸ்க்ரப் டைஃபஸுக்கு இப்போது பரவலாகச் செய்வது ஐஜிஎம் எலைசா. 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு, குழியின் அடியில் கிருமியின் புரதம் ஒட்டியிருக்கும். நோயாளியின் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் மேலே தெளிகிற நீர்) விட்டால் எதிர்ப்பொருள் இருந்தால் போய் ஒட்டிக்கொள்ளும், கழுவினாலும் போகாது. அதன்மேல் என்சைம் கட்டிய இன்னொரு எதிர்ப்பொருள், அப்புறம் நிறம் தரும் திரவம். குழி நீலமாகும், கடைசியில் அமிலம் விட்டதும் மஞ்சளாகிவிடும், எவ்வளவு மஞ்சள் என்பதை மெஷின் அளந்து எண்ணாகச் சொல்லும். இது பாசிட்டிவ் ஆக காய்ச்சல் தொடங்கி 5 முதல் 7 நாளாவது ஆகவேண்டும். உங்கள் அப்பாவுக்குப் பத்தாம் நாள், சரியான நேரம். வைல் ஃபெலிக்ஸ் என்று ஒரு பழைய சோதனை இருக்கிறது, 1916ல் வந்தது, புரோட்டியஸ் என்ற வேறொரு கிருமியை வைத்துச் செய்வது, செலவு குறைவு. அதில் நெகட்டிவ் என்று வந்தால் அதை நம்பி விட்டுவிடாதீர்கள், நிறையக் கேஸ்கள் அதில் தப்பிவிடும். பிசிஆர் வசதி உள்ள இடமென்றால் இன்னும் நல்லது, அது கிருமியின் மரபுப் பொருளையே தேடுகிறது, எதிர்ப்பொருள் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஓய்வு கம்பவுண்டர், ஏற்காடு:

லேப் அம்மா சொன்னது அத்தனையும் சரி. நான் எஸ்டேட் டிஸ்பென்சரியில் 31 வருடம் இருந்தவன். தம்பி, ஊசி மருந்து லேப் எல்லாம் இருக்கட்டும், டார்ச் எடுத்து அப்பாவின் உடம்பைத் தலை முதல் கால் வரை பாருங்கள். அக்குள், தொடை இடுக்கு, இடுப்பில் நாடா கட்டுகிற இடம், முழங்காலுக்குப் பின்னால், காதுக்குப் பின்னால், முதுகு. சிகரெட்டால் சுட்டது மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம், பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர் வாக்கில்தான் இருக்கும். வலிக்காது, அரிக்காது, அதனால் இருப்பது அவருக்கே தெரியாது. புண் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார், கேட்காதீர்கள், பாருங்கள். பெண்கள் என்றால் வீட்டுப் பெண்கள் யாராவது மார்புக்கு அடியில் தூக்கிப் பார்க்க வேண்டும், வெட்கப்பட்டு விட்டுவிட்டால் அங்கேயேதான் இருக்கும். எல்லோருக்கும் இந்தப் பொருக்கு வராது, இல்லையென்பதால் நோய் இல்லை என்று ஆகாது, ஆனால் இருந்தால் லேபுக்குப் போகுமுன்னே பாதி விடை கையில்.

ஸ்க்ரப் டைஃபஸைத்தான் பேப்பரில் உண்ணிக் காய்ச்சல் என்று போடுகிறார்கள், அதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டில் மாடும் இல்லை நாயும் இல்லை என்பார்கள். மாட்டு உண்ணி வேறு. இது புதரிலும் புல்லிலும் இருக்கிற ஒரு சிற்றுயிரின் குஞ்சு, கண்ணுக்கே சரியாகத் தெரியாது, எலிகள் இருக்கிற இடத்தில் இருக்கும். காலில் ஏறி, துணி இறுக்கமாக இருக்கிற இடம் வரைக்கும் போய் அங்கே கடித்து ஒட்டிக்கொள்ளும். பழம் பறிக்கிறவர்கள் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டுதானே நாள் முழுக்க நிற்கிறார்கள், நான் பார்த்ததில் நிறைய இடுப்பில்தான். கடித்துப் பத்து நாள் வாக்கில் காய்ச்சல் வரும், அதற்குள் கடித்த ஞாபகம் யாருக்கு இருக்கப்போகிறது.

சம்பங்கி, செவ்வாய்ப்பேட்டை:

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும், கல்ச்சர் பற்றிப் பேசுவதால் கேட்கிறேன். என் மாமியாருக்கு நீர்க்கடுப்பு, யூரின் கல்ச்சரில் 'மூன்று வகைக் கிருமிகள், கலப்பு வளர்ச்சி, மறு மாதிரி அனுப்பவும்' என்று எழுதியிருக்கிறார்கள். காசு பிடுங்கத்தான் மறுபடி வரச் சொல்கிறார்களோ என்று வீட்டில் சண்டை. போன தடவை வேறு ரிப்போர்ட்டில் ஒரு மருந்துக்கு 22 மில்லிமீட்டர், இன்னொன்றுக்கு 18 என்று இருந்தது, 22 போட்டதைத்தானே கொடுக்க வேண்டும், டாக்டர் 18 உள்ளதைக் கொடுத்தார். அதுவும் புரியவில்லை.

லேப் அக்கா, அஸ்தம்பட்டி:

சம்பங்கி, சண்டையை நிறுத்துங்கள், அந்த லேப் நேர்மையாக எழுதியிருக்கிறது. நீர்த்தாரைத் தொற்று என்றால் பெரும்பாலும் ஒரே கிருமிதான் ஏராளமாக இருக்கும். மூன்று வகை முளைத்தால் அது பெரும்பாலும் தோலிலிருந்தோ டப்பாவிலிருந்தோ சேர்ந்தது. அதில் ஒன்றைப் பொறுக்கி மருந்துப் பட்டியலோடு ரிப்போர்ட் அடித்துக் கொடுப்பது சுலபம், நீங்களும் திருப்தியாகப் போயிருப்பீர்கள், மாமியாருக்கு மட்டும் சம்பந்தமில்லாத மருந்து போயிருக்கும். சிறுநீர் வரும் இடத்தை நல்ல தண்ணீரில் கழுவி, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை மட்டும் லேப் கொடுத்த டப்பாவில் பிடிக்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்குக் குனிந்து பிடிக்கக் கஷ்டம், யாராவது பக்கத்தில் நின்று உதவுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்கு வந்துவிட வேண்டும். நாங்கள் 0.001 மில்லி பிடிக்கிற வளையக் கம்பியால் தொட்டு இழுப்போம், அதில் 100 புள்ளி முளைத்தால் ஒரு மில்லிக்கு ஒரு லட்சம் என்று கணக்கு. டப்பா வெயிலில் மூன்று நான்கு மணி நேரம் கிடந்தால் கொஞ்சம் கிருமி பெருகிப் பெருகி லட்சமாகிவிடும், அப்போது நாங்கள் எண்ணுவது உங்கள் மாமியாரின் நோயை அல்ல, டப்பாவுக்குள் நடந்ததை.

மில்லிமீட்டர் விஷயம். மருந்து தடவிய சின்னக் காகித வில்லைகளைக் கிருமி பரப்பிய பிளேட்டில் வைப்போம், ராத்திரி முழுக்க மருந்து அகாருக்குள் கசிந்து பரவும், கிருமி வளராத வட்டம் ஒன்று தெளிவாக நிற்கும், அதைத்தான் ஸ்கேல் வைத்து அளக்கிறோம். ஒவ்வொரு மருந்தும் அகாரில் பரவும் வேகம் வேறு. அதனால் ஒரு மருந்துக்கு 18 என்றாலே கேட்கும், வேறொன்றுக்கு 22 இருந்தும் கேட்காது, ஒவ்வொன்றுக்கும் தனி அளவு அட்டவணை இருக்கிறது. எண்ணைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் எஸ் (மருந்து கேட்கும்) என்று போட்டிருக்கிறதா ஆர் (கேட்காது) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எஸ் போட்ட மருந்துகளுக்குள் எது என்பதை வயது, சிறுநீரகம், வேறு மாத்திரைகள் எல்லாம் பார்த்து டாக்டர் முடிவு செய்வார்.

இந்த இடத்தில் மலையிலிருந்து சாம்பிள் அனுப்புகிறவர்களுக்கு ஒன்று சொல்லியே ஆகவேண்டும். போன மாதம் மேலேயிருந்து ஒரு ஐஸ் பெட்டி வந்தது, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, பாவம் அந்தப் பையன் மடியில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்தான். திறந்தால் யூரின் டப்பா, சீரம் குழாய், கூடவே ரத்தக் கல்ச்சர் பாட்டில், எல்லாம் ஐஸுக்குள். யூரினும் சீரமும் குளிரில் வருவது சரி. ரத்தக் கல்ச்சர் பாட்டிலை ஐஸில் வைக்கவே கூடாது, சில கிருமிகள் குளிரில் செத்துப்போகும், சாதாரண அறைச் சூட்டில்தான் வரவேண்டும். பாட்டிலைக் கையில் எடுத்தேன், விரல் மரத்துப்போகிற அளவுக்குச் சில்லென்று இருந்தது, லேபிளில் வயது ஏழு என்று எழுதியிருந்தது. அந்தக் குழந்தைக்கு மறுபடி ஊசி குத்தி எடுக்க வேண்டியதாயிற்று. மூளைக் காய்ச்சலுக்கு முதுகுத்தண்டு நீரை எடுத்தாலும் இதே விதிதான், கல்ச்சருக்குப் போகிறதென்றால் ஐஸ் வேண்டாம்.

மிளகுக்கொடி, ஏற்காடு:

இரண்டு நாள் வர முடியவில்லை. கம்பவுண்டர் ஐயா எழுதியதைப் படித்த அன்றைக்கே டார்ச் அடித்துப் பார்த்தோம். அப்பா ஒன்றும் இல்லை ஒன்றும் இல்லை என்று திட்டிக்கொண்டே படுத்திருந்தார். இடுப்பில் இடது பக்கம், சாக்குக் கயிறு உரசுகிற மடிப்புக்குள் இருந்தது. மிளகு அளவு கறுப்பு, சுற்றிலும் சிவப்பு. கயிறு அறுத்த காயம் என்று அம்மா நினைத்து எண்ணெய் தடவியிருக்கிறார். அன்று சாயங்காலமே கீழே இறங்கிவிட்டோம். டாக்டர் அதைப் பார்த்ததும் சோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் டாக்சிசைக்ளின் ஆரம்பித்தார், எலைசாவுக்கு ரத்தம் எடுத்தார்கள், பொருக்கிலிருந்தும் கொஞ்சம் சுரண்டி பிசிஆருக்கு அனுப்பினார்கள். நேற்று ஐஜிஎம் பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. காய்ச்சல் நேற்று ராத்திரியோடு இறங்கிவிட்டது, காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டார், பத்து நாளைக்குப் பிறகு. ரத்தக் கல்ச்சர் இறுதி ரிப்போர்ட்டும் வந்தது அக்கா, நீங்கள் சொன்ன மாதிரியே 5 நாளிலும் வளர்ச்சி இல்லை.

இன்னொரு விஷயம். பக்கத்து லைன் வீட்டுப் பெரியம்மாவுக்கு நாலு நாளாகக் காய்ச்சல், அப்பா இருந்த அதே பகுதியில்தான் பழம் பறிக்கிறார். இன்னும் மாத்திரை எதுவும் போடவில்லை. நாலாம் நாளில் எலைசா எடுத்தால் தெரியுமா?

லேப் அக்கா, அஸ்தம்பட்டி:

படித்ததும் கண் கலங்கிவிட்டது தம்பி. அப்பா மாத்திரையை டாக்டர் சொன்ன நாள் முழுக்கப் போடட்டும், காய்ச்சல் இறங்கிவிட்டதென்று நிறுத்திவிடாதீர்கள்.

பெரியம்மாவுக்கு நாலாம் நாளில் எலைசா நெகட்டிவாகக் கூட வரலாம், அப்படி வந்தால் சில நாள் கழித்து இரண்டாவது ரத்தம் எடுக்க வேண்டும், அதுவரை டாக்டர் மருந்தை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. மாத்திரை போடவில்லை என்றீர்களே, அது பெரிய விஷயம், ரத்தக் கல்ச்சரை இப்போதே எடுத்துவிடச் சொல்லுங்கள். டெங்கு என்எஸ்1க்கும் இன்னும் நேரம் இருக்கிறது. பொருக்கு இருக்கிறதா என்று வீட்டுப் பெண்கள் பார்க்கட்டும், இருந்தால் அதிலிருந்து பிசிஆர் எடுக்க நாலாம் நாள் ஒரு தடையே இல்லை. லேப் சீட்டில் பெயர் வயதோடு மூன்று விஷயம் எழுதிக் கொடுங்கள்: காய்ச்சல் எத்தனையாவது நாள், இதுவரை என்ன மருந்து, என்ன வேலை எந்த இடத்தில். எங்களுக்கு வருகிற சீட்டுகளில் பாதிக்கு மேல் வெறும் 'காய்ச்சல்' என்றுதான் இருக்கும், அதை வைத்து நாங்கள் எதைத் தேடுவது?

மிளகுக்கொடி, ஏற்காடு:

எழுதிவிட்டேன் அக்கா. நாலாம் நாள், மருந்து எதுவும் இல்லை, காபி பறிப்பு, நாகலூர். அம்மா பார்த்துவிட்டு வந்து சொன்னார், பெரியம்மாவுக்கு வலது அக்குளில் இருக்கிறதாம். 11 மணி பஸ்ஸுக்குக் கிளம்புகிறோம்.